சிலுவைவீட்டு வாடகை

என் வாயால்தான் எல்லாம் கெட்டது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சங்குமேட்டில் நீங்கள் யாரைக் கேட்டாலும் என்னைவிட நீட்டி முழக்கிச் சொல்வார்கள். குழாயடியில் என் காதுபடவே பேசுகிறார்கள்: "ஜமுனா வாயத் தொறந்துச்சு, அம்மன் தெருவுக்கு வந்துச்சு." பேசட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் ஒருத்தரும் பேசுவதில்லை. அதில் எல்லாருக்கும் லாபம்.

பழவேற்காட்டில் படகு ஏறிப் பசியாவரத்தைத் தாண்டி வடக்கே வந்தால் எங்கள் ஊர். நூறு வீடு இருக்கும். ஊர் நடுவே, ஏரி எவ்வளவு பெருகினாலும் தண்ணீர் ஏறாத மேட்டில் ஒரு பழைய கட்டடம். ஒல்லாந்தர்கள், அதுதான் டச்சுக்காரர்கள், இந்தப் பக்கம் வியாபாரம் பண்ணிய காலத்தில் ஜெபம் பண்ணுவதற்குக் கட்டினார்களாம். ஒரு ஆள் கையை நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத தடிமனில் சுவர். உள்ளே எதிர்ச்சுவரில் சுண்ணாம்பிலேயே செய்த ஒரு சிலுவை. அந்தச் சிலுவைக்குக் கீழேதான் எங்கள் கரைகாத்தம்மன் உட்கார்ந்திருந்தாள். சுற்று வட்டாரத்தில் அவளுக்குப் பேரே சிலுவைவீட்டம்மா.

எப்போதோ ஒரு புயலில் அம்மனுடைய ஓலைக் கோயிலை ஏரி வாரிக்கொண்டு போய்விட்டது. ஒல்லாந்தர் கட்டடத்தில் அப்போது ஜெபமும் இல்லை, ஆளும் இல்லை. சாவி மட்டும் கோயில்பிள்ளை வீட்டில் இருந்தது. கோயில்பிள்ளை என்றால் மணியடித்து, பெருக்கி, பூட்டிவிட்டுப் போகிறவர். அம்மன் கல்லைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்ற ஜனங்களைப் பார்த்து அவர் கதவைத் திறந்துவிட்டார். "மழ விடற வரிக்கும் உங்கம்மா இங்க இருந்துட்டுப் போவட்டும்" என்றாராம். மழை விட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் அம்மன் எழுந்து போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

ஓசியில் இருக்கவில்லை. ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுகிற அன்று, அம்மனுக்குச் சூடம் காட்டுவதற்கு முன்னால், அந்தச் சிலுவைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவோம். வீட்டுக்காரருக்கு வாடகை. பிறகு ஒரு படி இறாலைத் தட்டில் வைத்து, மேளத்தோடு கோயில்பிள்ளையின் வம்சத்து வீட்டுக்குப் போய், "இன்னும் ஒரு வருசம் இருக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அவர்கள், "இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லி இறாலை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம்தான் கூழ்ப் பானையின் மூடியைத் திறப்போம். அந்தப் பதிலை ஒரு வருஷமும் யாரும் மாற்றிச் சொன்னதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வம்சத்தில் இப்போது ஊரில் இருப்பவள் மேரி. என் வயசுதான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் ஏரியில் இறங்குவோம். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் வேலை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட வேண்டும். வாயில் பறி இருக்கும்போதும் மேரி பேச்சை விடமாட்டாள். நான் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால், "ஏமே, வூட்டுக்காரிகிட்ட மரியாதையா இரு. இல்லாங்காட்டி காலி பண்ணச் சொல்லிடுவேன்" என்பாள். "வாடக வாங்கி வாங்கி ஒடம்பு வச்சிகிச்சு ஒனக்கு" என்பேன் நான்.

ஏரியில் எங்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடி வகுத்து வைத்திருப்பது. இன்னொருத்தன் பாட்டில் அவனைக் கேட்டு நாம் வலை போட்டால், முதலில் ஏறிய மீனை அவன் படகில் போட்டுவிட்டுத்தான் நம் மீனைத் தொடுவோம். இடம் உன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்வது அது. அப்படி ஒத்துக்கொண்டவனை எவனும் ஏரியை விட்டு விரட்டியதில்லை. ஒத்துக்கொள்ளாமல் அடாவடி பண்ணுகிறவனைத்தான் விரட்டுவார்கள். இந்தப் புத்தியில் வளர்ந்தவள் நான். வெளியே வேறு புத்தி நடக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் நைனா கோபால்தான் இருபத்தெட்டு வருஷம் பூசாரி. வலை போட்டுவிட்டு வந்து, குளித்துவிட்டு, விளக்கேற்றுவார். அவருக்கு நான் ஒரே பெண். அவர் போனதும் ஊர் கூடியது. பொம்பளை அம்மனைத் தொடலாமா என்று பேச்சு வந்தது. அப்போதிருந்த தலைவர், "கோயிலா இருந்தாத்தான் அந்தச் சட்டமெல்லாம். இது வாடக வூடு. வாடக வூட்ல ஆம்பள இன்னா, பொம்பள இன்னா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அந்த ஒரு பேச்சில் எனக்குப் பதினாறு வருஷம் ஓடியது. பிள்ளை குட்டி எனக்கு இல்லை. புருஷன் பெரியசாமி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காவல் வேலை. வாரத்தில் ஒரு நாள் வருவார், தூங்குவார், போவார். காலையில் அந்தக் கல்லைக் கழுவி, கழுத்து மடிப்பில் மஞ்சள் பூசி, பித்தளை முகத்தைப் புளி போட்டுத் தேய்த்து மாட்டுகிற அரைமணி நேரம் மட்டும்தான் என்னுடையது. வேறு எதையும் நான் என்னுடையது என்று சொன்னதில்லை.

ஒரு தை மாசத்தில் சந்தியா வந்தாள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஒரு சென்னை அறக்கட்டளையில் வேலை. கூடவே பிரதாப் என்று ஒரு தம்பி, வீடியோ எடுக்க. நல்ல பெண். அதை இன்றைக்கும் சொல்வேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சுவரைக் குழந்தையின் முதுகைத் தடவுவது மாதிரித் தடவினாள். "இவ்ளோ நல்லா இத வச்சிருக்கறது யாருக்கா?" என்று கேட்டாள். பதினாறு வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. வருஷா வருஷம் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றிப் பூசுவது நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நண்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே சிலுவையைப் பற்றிக் கேட்டாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. மழை, கோயில்பிள்ளை, மெழுகுவத்தி, இறால், எல்லாவற்றையும் கொட்டினேன். "இதை ஒரு தடவை செஞ்சு காட்ட முடியுமாக்கா? பதிவு பண்ணிக்கறோம்" என்றாள். ஆடியில் செய்வதைத் தையில் செய்யலாமா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஓடிப்போய் மேரியைக் கூட்டிவந்தேன். மேரியும் சிரித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பிரதாப் கேமராவைப் பிடித்தான். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். இறால் தட்டை நீட்டிக் கேள்வி கேட்டேன். அவள் பதில் சொன்னாள்.

அதோடு விட்டேனா? கேமராவைப் பார்த்து, "நாங்க குடியிருக்கறவங்கதாம்மா. வூடு அவங்களுது. அத்த நாங்க மறந்ததே இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சந்தியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாதிரி நான் எங்கயும் கேட்டதில்லக்கா" என்றாள். ஒரு காகிதத்தை நீட்டினாள். சொன்னது எல்லாம் நான் சொன்னதுதான் என்று கையெழுத்துப் போட்டேன். அழகாக வரவேண்டும் என்று மெதுவாக எழுதினேன்.

ஒரு வருஷம் கழித்து, சிலுவைவீட்டுக் கதவில் அரசாங்க ஆட்கள் பசை தடவி ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். இப்போதைய தலைவர் பால்ராஜண்ணன்தான் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டிய தொன்மையான கிறிஸ்தவ வழிபாட்டிடம். பிற்காலத்தில் இதை ஊர் மக்கள் ஆக்கிரமித்திருக்கிறார்கள். கட்டடம் தங்களுடையது அல்ல என்று ஆக்கிரமித்தவர்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். அறுபது நாளுக்குள் காலி செய்ய வேண்டும்.

வாக்குமூலம்! ஸ்டேஷனில் திருடன் கொடுப்பதற்குப் பேர் அது. நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு நான் சொன்னதற்கும் அதே பேர். கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

சந்தியாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவள் அந்தப் பக்கம் அழுதாள். "ரெண்டும் சேந்து இருக்கறதுதான் இந்தக் கட்டடத்தோட வரலாறுன்னு நாப்பது பக்கம் எழுதினேன்கா. கவர்மெண்ட்ல உங்க ஒரு வரிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க." அவளை நம்பினேன். நம்பி என்ன செய்வது? நாற்பது பக்கம் எழுதினவளின் பேச்சே அங்கே எடுபடவில்லை.

என்னை விடுங்கள். ஊருக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமா, இல்லையா? வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பால்ராஜண்ணன் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சி" என்றார். "சிலுவைக்குக் கீழ கீற சாமின்னு வெளியூர்ல நம்மள கிண்டல் பண்ணிகினு கீறான். புதுசா ஒண்ணு கட்டுவோம். டைல்ஸ் போட்டு, கோபுரம் வச்சி, ஜம்முனு." எல்லாரும் கை தட்டினார்கள். கூழுக்கு முதல் ஆளாய்ப் பானை தூக்கி வருகிறவர்கள்தான். நான் தட்டவில்லை.

மேரியும் தட்டவில்லை. "வா, நானே வந்து சொல்றேன். வூட்டுக்காரி சொன்னா அவனுங்களுக்கு இன்னா போச்சி?" என்று என்னை இழுத்துக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு வந்தாள். ஒரு நாள் இறால் போனது. அதிகாரியின் மேசை முன்னால் நின்று, "சார், கோயில்பிள்ள வம்சம் நாங்கதான். நாங்க காலி பண்ணச் சொல்லல. இவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

"கட்டடம் உங்களுதுன்னு பத்திரம் இருக்காம்மா?"

"பத்திரமா? வருசா வருசம் இறா குடுக்கறாங்களே சார்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "உங்க சபையில லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

மேரி போகிற பழவேற்காட்டுச் சபையின் பாஸ்டர், "விக்கிரகம் இருக்கறதுக்கு நான் லெட்டர் குடுக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அதற்குள் விஷயம் வெளியூரெல்லாம் பரவிவிட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு பெரிய சபை, கட்டடம் எங்களுடையது, எங்களிடம் கொடுங்கள் என்று மனுப் போட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு பக்தர் பேரவை, ஒல்லாந்தர் வருவதற்கு முன்னால் அங்கே கோயில்தான் இருந்தது என்று மனுப் போட்டது. இரண்டு கூட்டத்தில் ஒருத்தராவது சங்குமேட்டுக்குப் படகு ஏறியிருப்பார்களா? கடைசியில் கலெக்டர் ஆபீசில் முடிவு பண்ணினார்கள்: வம்பே வேண்டாம், யாரும் உள்ளே போகக் கூடாது, பழுது பார்த்துப் பூட்டி வைத்துவிடலாம்.

அம்மனை வெளியே எடுத்த அன்று பொன்னேரியிலிருந்து ஒரு குருக்களை அழைத்து வந்திருந்தார்கள். நான் வழக்கம்போல் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு கல்லைத் தூக்கப் போனேன். "நீங்க தொடாதீங்கோம்மா" என்றார் அவர். கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் பால்ராஜண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே இது கோயிலு ஜமுனா. வாடக வூடு இல்ல. கோயிலுக்கின்னு ஒரு முறை கீதில்ல?" என்றார்.

நாலு ஆம்பளைகள் கல்லைத் தூக்கி, நடுவழியில் மணலில் ஒரு தடவை கிடத்தி இளைப்பாறி, தகரக் கொட்டகையில் வைத்தார்கள். புதுக் கோயில் எழும்புகிற வரைக்கும் அங்கேதான். குருக்கள் அவசர அவசரமாக இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சந்தனம் வைத்தார். கழுத்து மடிப்பில் மணல் அப்படியே நின்றது. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சாமி, கழுத்துல மண்ணு, கழுத்துல மண்ணு" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நைனா செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

பிறகு சிலுவைவீட்டைப் பழுது பார்த்தார்கள். சந்தியா வரவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள். நூறு வருஷத்து மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சூடப் புகையையும் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். நான் பூசிய சுண்ணாம்பையும் எடுத்தார்கள். பழைய மாதிரியே ஆகிவிட்டது என்றார்கள். எந்தப் பழைய மாதிரி என்று நான் கேட்கவில்லை. வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று இருக்கிறது, அரசு மீட்டது என்று இருக்கிறது. நடுவில் இருந்த எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதவில் என் தலை அளவுக்குப் பூட்டு. அந்த ஆடியில் மெழுகுவத்தியும் இல்லை, இறாலும் இல்லை. கூழ் மட்டும் கொட்டகையில் ஊற்றினார்கள். மேரி வீட்டு வாசலில் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. மேளம் அந்தப் பக்கம் போகவில்லை.

இந்தச் சமயத்தில்தான் புதுக் கோயிலுக்கு மனை தேடினார்கள். ஊரில் தண்ணீர் ஏறாத மேடு இரண்டுதான். ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று தெற்கு மேடு. அது புறம்போக்கு நிலம். அங்கே மேரியின் நைனா ஓலையில் ஒரு ஜெபக்கூடம் போட்டிருந்தார். நாலு கிறிஸ்தவக் குடும்பம் அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை கூடும். நான்கூடச் சின்ன வயசில் கிறிஸ்துமஸ் கேக்குக்காக அங்கே போய் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முந்தைய புயலில் கூடம் பறந்துவிட்டது. சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அன்றிலிருந்து அவர்கள் பழவேற்காட்டுக்குப் படகில் போகிறார்கள். திரும்பக் கட்டிக்கொள்ள அந்த இடத்தை ஒதுக்கித் தாருங்கள் என்று மேரி மூன்று தடவை மனுக் கொடுத்திருக்கிறாள். மூன்று தடவையும் நானும்தான் கூடப் போனேன்.

பால்ராஜண்ணன் ஒரு நாள் ஜேசிபியை, சேர்த்துக் கட்டிய படகுகளின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து தெற்கு மேட்டைச் சமன் பண்ணினார். தரை உடைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, பாய் போடச் சொல்லாமல் தானே தரையில் உட்கார்ந்தார்.

"ஜமுனா, நாளான்னிக்கு ரெவின்யூ மேடம் விசாரணைக்கு வராங்க. அந்த மேடு இதுவரிக்கும் யாரு கையில இருந்துச்சுன்னு ஊர்ல கேப்பாங்க. ஆதியிலேருந்து அம்மன் நெலம்னு நீ சொல்லணும்."

"நான் எதுக்குணா? நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. சாமியே போவும்னு தெரிஞ்சும் உண்மைய சொன்ன பொம்பளன்னு ஆபீஸ் பூரா உன் பேரு கீது."

எனக்கு வந்ததே கோபம். "அது மேரி நைனா கூடம் போட்ட எடம்ணா. உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் கேக்கு துன்னவருதானே?" என்று எகிறினேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம்.

"தெரியும். இந்த எடமும் போச்சின்னா அம்மன் தகரத்துக்குக் கீழயே கெடக்கட்டுமா? நீயே சொல்லு. கும்பாபிஷேகம் முடிஞ்சதும் குருக்களு போயிடுவாரு. தெனம் படகுல வர அவரால ஆவாது. ஊரு ஆம்பள எவன் வந்து பூச பண்ணுவான்? நீ பண்ணு. பொம்பளன்னு எவனாச்சும் வாயத் தொறந்தா நான் பேசிக்கறேன். சத்தியமா." பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கழுத்துல மண்ணுன்னு கத்துனியே, எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாசமாய்ப் போகிறவர். அந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மறுநாள் மேரியோடு ஏரியில் இறங்கினேன். இறங்காமல் இருந்தால் சந்தேகப்படுவாள் என்றுதான் இறங்கினேன். அன்றைக்குப் பார்த்து இறால் நன்றாக விழுந்தது. ஒரு மணி நேரத்தில் பறி நிறைந்துவிட்டது. மேரி பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தண்ணீரிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

"நாளைக்கி அந்த மேடம் வந்தா நீ கொஞ்சம் சொல்லிடு ஜம்னா. எங்க நைனா கூடம் போட்டது, நாங்க ஜெபம் பண்ணது, அல்லாம் ஒனக்குத் தெரியும். நாங்க நாலு வூடு. எங்க பேச்ச எவன் கேப்பான்? நீ சொன்னா கேப்பாங்க."

எல்லாருக்கும் நான் சொன்னால்தான் வேண்டும். உண்மையைச் சொல்லி என் வீட்டைக் கெடுத்துக்கொண்டதில் எனக்கு மிஞ்சிய சொத்து அது ஒன்றுதான்.

"உம்" என்றேன். பறி என் வாயில் இருந்தது. அதற்கு மேல் பேசாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

"இன்னாமே, மூஞ்சி ஒரு மாரி கீது? ஒடம்பு சரியில்லியா?" என்று கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சேற்றுக் கை. கழுவிக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு.

அடுத்த நாள் ரெவின்யூ மேடம் வந்தார். மஞ்சு என்று பேர். முப்பது வயசு இருக்கும். வெயிலில் தலைக்குத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு தெற்கு மேட்டில் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரே நின்றது. ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். நாலு கிறிஸ்தவக் குடும்பமும் மேரிக்குப் பின்னால் நின்றது. மேரி அதே ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் வந்திருந்தாள். கையில் மூன்று மனுவின் நகலும் இருந்தது.

மேடம் முதலில் மேரியைத்தான் கேட்டார். மேரி நைனாவைப் பற்றிச் சொன்னாள். புயலைப் பற்றிச் சொன்னாள். "சிமெண்டுத் தரை இருந்துச்சுன்னீங்க, எங்கம்மா?" என்று மேடம் கேட்டார். மேரி சமன் பண்ணின மண்ணைப் பார்த்தாள், பால்ராஜண்ணனைப் பார்த்தாள். "வேற சாட்சி யாராவது இருக்காங்களா? உங்க ஆளுங்க இல்லாம?"

"ஜமுனா கீது மேடம்" என்றாள் மேரி. "அதைக் கேளுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். என்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. "வாங்கம்மா. நீங்கதானே அந்த வாடகைக் கத சொன்னது? உங்கள மாதிரி ஒருத்தர் சொன்னா எனக்குப் போதும். இந்த இடத்துல ஜெபக்கூடம் இருந்துச்சா?"

தகரக் கொட்டகை அங்கிருந்தே தெரிந்தது. குருக்கள் கடைசியாக வந்துபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. பித்தளை முகம் கறுத்துப் போயிருந்தது. ஓலைக்கூடத்தில் நான் பாடிய பாட்டு எனக்கு முழுசாக ஞாபகம் இருந்தது. மேரியின் நைனா என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினது ஞாபகம் இருந்தது. எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ச் சொன்னேன் என்று ஒருநாளும் நான் சொல்ல முடியாது.

"இல்லீங்க மேடம்" என்றேன். "ஆதியிலேருந்து இது அம்மன் நெலம்தான். எங்க நைனா காலத்துலேருந்து நாங்கதான் அனுபவிச்சிகினு வரோம்."

குரல் நடுங்கவில்லை. கேமராவுக்கு முன்னால் உண்மை சொன்னபோது நடுங்கியது. அன்றைக்கு நடுங்கவில்லை.

பால்ராஜண்ணன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரிக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் என்னைக் காறித் துப்ப வாயைக் குவித்தாள். மேரி அவள் கையைப் பிடித்து அடக்கினாள். மேரி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, என்றைக்காவது சமாதானம் ஆகியிருக்கலாம்.

மேடத்துக்குச் சங்கடமாக இருந்தது. பேனாவை மூடித் திறந்தார். "நீங்கதாம்மா இவங்கள சாட்சிக்குக் கூப்பிட்டது. இவங்க இப்படிச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மேரி மூன்று நகலையும் இரண்டாக மடித்து, அதை நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அது சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றாள். "ஜமுனா பொய் பேசாது."

மேடம் அதை எழுதிக்கொண்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டேன்.